ஜூலி ஏன் சொறிந்தாள்

லிங்கராஜபுரத்தில் ஒரு நாய் சொறிய ஆரம்பித்தால் வைத்தியம் சொல்லாத வீடு இருக்காது. எதிர்வீட்டு அக்கா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார். மாடியில் குடியிருந்த ஆந்திரக்காரர், கந்தகத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவினால் தோல் பளபளக்கும் என்றார். கறிக்கடைப் பையன், "சிக்கன் சூடுக்கா, நிறுத்திடுங்க" என்றான். என் மாமியார் அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "அதுக்கு உடம்பு சூடு. தினம் ரெண்டு பிடி தயிர்சாதம் போட்டா அடங்கிடும்." இத்தனை பேரும் ஜூலியை நேசித்தவர்கள். ஆனால் சொறி என்பது ஒரே வியாதி, அதற்கு எங்கோ ஒரே மருந்து இருக்கிறது என்ற எண்ணம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அந்த எண்ணம்தான் ஜூலியின் வாழ்வில் ஒரு வருடத்துக்கு மேல் தின்றது.

ஜூலி காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் ஒரு காய்கறி வண்டிக்கு அடியில் பிறந்தவள். தெருநாய்ச் சாதிதான். முன்னோர் யாரோ ஒருவர் லாப்ரடாராக இருந்திருக்க வேண்டும் என்று அவள் காது சொல்லும். வெளிர் பழுப்பு உடம்பு, வெள்ளைப் பாதங்கள். கண்டோன்மெண்ட் காலத்திலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வேர் பிடித்த பகுதி இது. எங்கள் காம்பவுண்டில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் பேசுகிற வீடுகள் ஒரே தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இருந்தன. ஜூலி பெயருக்கு எங்கள் வீட்டு நாய். உண்மையில் அத்தனை வாசல்களிலும் அவளுக்குச் சாப்பாடு இருந்தது. ஒரு வீட்டில் ரஸ்க், ஒரு வீட்டில் மீன் முள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிறவர்கள் கையில் பிரியாணி எலும்பு. இந்தத் தகவலைப் பின்னால் ஒரு டாக்டர் என்னிடம் துருவித் துருவிக் கேட்கப்போகிறார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவளுடைய இரண்டாவது வயதில், மழை பிடித்துக்கொண்ட ஒரு செப்டம்பரில் ஆரம்பித்தது. முதலில் வாலுக்கு மேலே முதுகைத் திரும்பித் திரும்பிக் கடித்தாள். அங்கே முடி உடைந்து தோல் சிவந்தது. பிறகு பாதங்களை நக்க ஆரம்பித்தாள். வெள்ளை முடியெல்லாம் எச்சில் பட்டுத் துருநிறமாக மாறியது. பிறகு காது. தலையை உதறுவாள், பின்னங்காலால் காதைக் குடைவாள், காதிலிருந்து ஒரு புளித்த வாடை வரும். கழுத்துப் பட்டையில் கட்டியிருந்த மணி ராத்திரியெல்லாம் ஒலிக்கும். தூக்கம் போனது எங்களுக்கு மட்டுமில்லை. ஓயாமல் அரிக்கிற உடம்போடு ஒரு நாய் ஆழ்ந்து தூங்குவதே இல்லை. அதன் முகமே மாறிவிடுகிறது. கூப்பிட்டால் வாலாட்டும்போதுகூட பாதியில் நிறுத்திவிட்டுச் சொறியும்.

அருகிலிருந்த ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். மேசைமேல் ஏற்றிய மறுநிமிடமே "அலர்ஜி" என்றார்கள், ஊசி போட்டார்கள். அன்று ராத்திரி மணி ஒலிக்கவில்லை. ஊசி வேலை செய்த நாட்களில் ஜூலி பழைய ஜூலியாக இருந்தாள். அதன் வீரியம் தீர்ந்ததும் முன்பைவிட மூர்க்கமாக அரிப்பு திரும்பியது. மறுபடி ஊசி, மறுபடி நிம்மதி, மறுபடி அரிப்பு. மாதங்கள் இப்படியே கழிந்தன. ஜூலி குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தாள், வயிறு தொங்கியது, வயிற்றுத் தோல் நரம்பு தெரியும் அளவுக்கு மெலிந்தது.

அந்த ஊசி ஸ்டீராய்டு. ஸ்டீராய்டைத் திட்டி எழுத நான் தயாராக இல்லை. தன் தோலைத் தானே கிழித்துக்கொண்டிருக்கும் நாய்க்கு அது கொடுக்கும் ஆறுதல் உண்மையான ஆறுதல். ஆனால் காரணத்தைத் தேடுவதற்கு முன்பே அதைப் போட்டுவிட்டால், தேட வேண்டிய தடயங்களெல்லாம் அழிந்துவிடுகின்றன. அரிப்பு எங்கே தொடங்கியது, எதனால் கூடியது என்பது மறைந்துபோகிறது. சிலவகைச் சொறிப்பூச்சிகள் இருக்கும் உடம்பில் ஸ்டீராய்டு நோயையே பெருக்கிவிடும். ஜூலிக்கு வந்த அதிகத் தாகமும் தொங்கிய வயிறும் அந்த மருந்து தொடர்ந்து உடம்பில் ஏறியதன் அடையாளங்கள் என்று பின்னால் தெரிந்தது.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு தோழி சொல்லித்தான் கம்மனஹள்ளியில் இருந்த அந்தப் பெரியவரைத் தேடிப் போனோம். ஹெப்பாளில் 1958-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஓய்வுக்குப் பிறகு மாலை வேளைகளில் வீட்டிலேயே நாய் பூனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னடக்காரர், எங்களோடு பெங்களூர்த் தமிழில் பேசினார். ஜூலியைத் தரையில் விடச் சொல்லிவிட்டு, அவளைத் தொடாமலேயே கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"அரிப்பு மொதல்ல வந்துச்சா, புண்ணு மொதல்ல வந்துச்சா?"

யாரும் கேட்டிராத கேள்வி. அரிப்புதான் முதலில் என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். அரிப்பே இல்லாமல் முடி மட்டும் கொட்டினால் அவர் தேடும் திசை வேறு: தைராய்டு, அட்ரினல் போன்ற சுரப்பிகளின் கோளாறு. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு லாப்ரடார் இருந்தது. உண்டு கொழுத்த சோம்பேறி என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு விலாவிலும் சரிசமமாக முடி கொட்டி, வால் மொட்டையாகி நின்றது. ஒருநாளும் சொறிந்ததில்லை. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்ததும் அந்தச் சோம்பலே மறைந்தது.

கேள்விகள் நீண்டன. எந்த மாதம்? மழை நின்றால் குறைகிறதா, வருடம் முழுக்க ஒரே மாதிரியா? எங்கே படுக்கிறது? தரை எதனால் துடைக்கிறீர்கள்? காம்பவுண்டில் பூனை உண்டா? பக்கத்துக் காலி சைட்டில் பார்த்தீனியம் மண்டியிருக்கிறதா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை மலம் கழிக்கிறது? என்ன சாப்பிடுகிறது? நான் சோறும் சிக்கனும் என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அது நீங்க போடுறது. நாய் சாப்பிடுறது என்ன?" என்றார். அப்போதுதான் ரஸ்க்கும், மீன் முள்ளும், பிள்ளைகள் கொடுக்கும் பிஸ்கட்டும், மாமியாரின் தயிர்சாதமும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"வீட்டுல யாருக்காச்சும் அரிப்பு உண்டாம்மா? கையில, வயித்துல சின்னச் சின்னச் செகப்புப் புள்ளி?"

இல்லை என்றேன். அந்தக் கேள்வியின் மதிப்பு எனக்குப் பின்னால்தான் புரிந்தது. சார்கோப்டிஸ் என்ற சொறிப்பூச்சி நாயின் மேல்தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். தாங்கமுடியாத அரிப்பு அதனால் வரும். நாயைத் தூக்கிக் கொஞ்சுகிறவர்களின் முன்கையிலும் வயிற்றிலும் அது கொஞ்ச நாள் கடித்துத் தடிப்பு உண்டாக்கும். மனிதத் தோலில் நிலைத்து வாழ அதனால் முடியாது. நாய் குணமானால் வீட்டாரின் அரிப்பும் தானாகப் போய்விடும். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் பெண்குழந்தைக்கு வயிற்றில் தடிப்பு வந்து, தோல் டாக்டரிடம் களிம்பு களிம்பாக வாங்கிப் பூசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டு நாயின் காது மடல் ஓரத்தை இந்தப் பெரியவர் விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். நாயின் பின்னங்கால் தானாகவே காற்றில் சொறிந்தது. சுரண்டிப் பார்த்ததில் பூச்சி அகப்படவில்லை. ஆனாலும் அவர் மருந்து கொடுத்தார், ஏனென்றால் சார்கோப்டிஸ் இருக்கும் நாய்களில் பாதியில்கூட சுரண்டலில் அது கண்ணில் படாது. நாயும் குழந்தையும் சேர்ந்தே குணமானார்கள்.

ஜூலிக்கு வருவோம். கேள்விகள் முடிந்ததும் பேன் சீப்பு மாதிரி நெருக்கமான ஒரு சீப்பை எடுத்து வாலுக்கு மேலே வாரினார். சீப்பில் வந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினார். பொடியைச் சுற்றித் தாளில் செம்பழுப்பு நிறம் பரவியது. "இது அழுக்கு இல்ல. ரத்தம். தெள்ளு தின்னுட்டுப் போட்ட பீ."

ஜூலியின் உடம்பில் நாங்கள் ஒரு தெள்ளுப்பூச்சியைக்கூடப் பார்த்ததில்லை என்று சொன்னேன். தெள்ளுக்கு அலர்ஜி உள்ள நாயிடம் தெள்ளைப் பார்ப்பது கஷ்டம். அரிப்பு தாங்காமல் நக்கியும் கடித்தும் அதுவே தின்றுவிடுகிறது என்றார். அத்தகைய நாய்க்கு உடம்பெல்லாம் தெள்ளு மொய்க்க வேண்டியதில்லை. எப்போதாவது கடிக்கும் ஓரிரண்டே போதும், அதன் எச்சிலுக்கு நாயின் உடம்பு எதிர்வினை காட்டிக்கொண்டே இருக்கும். வாலுக்கு மேலே, தொடைக்குப் பின்னே அரிப்பு குவிவது அதன் முத்திரை.

தெள்ளைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபிறகு எங்கள் வீட்டை நான் வேறு கண்ணால் பார்த்தேன். நாயின் மேல் இருப்பது பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை முடியில் ஒட்டாது. நாய் படுக்கும் இடத்தில், மிதியடியில், சோபா இடுக்கில் உதிரும். புழு அங்கேயே வளர்ந்து கூடு கட்டி, கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரு வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் குதிக்கும் வளர்ந்த தெள்ளு 5 சதவீதம் அளவுதான், மிச்சமெல்லாம் தரையில். கடுங்குளிரோ கொளுத்தும் வெயிலோ இல்லாத பெங்களூரின் தட்பவெப்பம் நமக்கு எவ்வளவு சுகமோ, தெள்ளுக்கும் உண்ணிக்கும் அவ்வளவு சுகம். வருடம் முழுக்க அவற்றுக்கு இங்கே சீசன்தான். ஆகவே நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்தோம், சிமெண்ட் தரையின் வெடிப்புகளைக்கூடப் பெருக்கி எடுத்தோம், காம்பவுண்டின் எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட்டோம்.

மாடி வீட்டுப் பூனைக்கு வேறு மருந்து தந்தார். நாய்க்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை வலிப்பு வந்து செத்துப்போகக்கூடும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பாதியை நாய்க்கும் பாதியைப் பூனைக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நாய்களுக்குப் புதிதாக வந்துள்ள ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகள் தெள்ளு, உண்ணி, சொறிப்பூச்சி மூன்றையும் கொல்லும் நல்ல மருந்துகள். ஆனால் வலிப்பு வரும் நாய்களுக்குக் கவனம் தேவை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. ஆகவே அதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாமல் டாக்டரிடம் நாயின் பழைய கதையைச் சொல்லித்தான் போட வேண்டும்.

வாலுக்கு மேலே முடி வளர ஆரம்பித்தது. ஆனால் காதும் பாதமும் அப்படியே இருந்தன. எங்கள் வீட்டில் எல்லோரும் சோர்ந்துபோனோம். டாக்டர் சோரவில்லை. ஒரே நாய்க்கு ஒரே காரணம்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார். விரலிடுக்கில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நீலநிறத்தில், வேர்க்கடலை வடிவத்தில், கூட்டம் கூட்டமாக மலசேசியா என்னும் ஈஸ்ட். காதிலும் அதே. அந்தப் புளித்த வாடை அதனுடையது. நாயின் தோலில் எப்போதும் கொஞ்சம் வாழும் இந்த ஈஸ்டும், ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவும், தோல் வேறு காரணத்தால் பலவீனப்படும்போது பெருகி, தாங்களே தனியாக அரிப்பை உண்டாக்கும். நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெலிது. அதன் அமிலத்தன்மையும் வேறு. நம் சோப்பும் டெட்டாலும் போட்டுத் தேய்ப்பது அந்தத் தோலை மேலும் உடைக்கிறது. குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூவைத் தடவி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவச் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் ஜூலியை உதறாமல் பிடித்துவைப்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பொறுப்பானது. கதை சொல்லிக்கொண்டே பிடித்திருப்பார்கள்.

ஈஸ்ட் போனது. அரிப்பு பாதியாகக் குறைந்தது. ஷாம்பூவை நிறுத்தியதும் மெல்லத் திரும்பியது. அப்படியென்றால் அடியில் இன்னொன்று இருக்கிறது. வருடம் முழுக்க ஒரே மாதிரி அரிக்கிறது, மலம் அடிக்கடி போகிறது, காதும் பாதமும் சேர்ந்து பாதிக்கப்படுகின்றன. "சாப்பாட்டைப் பாக்கணும்" என்றார். ரத்தத்தில் டெஸ்ட் செய்து எந்த உணவு ஆகாது என்று கண்டுபிடித்துவிடலாமே என்று கேட்டேன். அப்படி விற்கப்படும் ரத்தம், எச்சில், முடிப் பரிசோதனைகள் உணவு அலர்ஜிக்கு நம்பத்தக்கவை அல்ல என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஒரே வழி: நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதம், ஒரு மாவுச்சத்து, வேறு எதுவும் கிடையாது, குறைந்தது 8 வாரம். உணவு அலர்ஜியுள்ள நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 8 வாரத்துக்குள் தெளிந்துவிடும். அதற்கு முன் கைவிட்டால் பரீட்சையே வீண்.

ஜூலி தின்றிராத மாமிசம் எது என்று யோசித்தால் பதிலே இல்லை. சிக்கன், மட்டன், மீன், முட்டை, மாட்டு எலும்பு எல்லாம் ஆயிற்று. கடைசியில் பன்றிக்கறி மிஞ்சியது. கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைந்த எங்கள் பகுதியில் அதற்குக் கடை தேடி அலைய வேண்டியதில்லை. நன்றாக வேகவைத்த பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். எண்ணெய், உப்பு, மசாலா எதுவும் இல்லாமல்.

சமைப்பது சுலபம். ஒரு முழுக் காம்பவுண்டின் கையையும் கட்டிப்போடுவதுதான் கஷ்டம். பிள்ளைகள் தமிழிலும் கன்னடத்திலும் அட்டையில் எழுதிக் கேட்டில் தொங்கவிட்டார்கள்: ஜூலிக்கு யாரும் எதுவும் போடாதீர்கள். ரஸ்க் வீட்டுத் தாத்தா கண்கலங்கினார். கறிச்சுவை சேர்த்த தெள்ளு மாத்திரையைக்கூட டாக்டர் நிறுத்திவிட்டு, முதுகில் விடும் சொட்டு மருந்துக்கு மாற்றினார். அந்தச் சுவையிலும் புரதம் இருக்கிறது. எல்லோரையும்விட அதிகம் வருந்தியவர் என் மாமியார். சாப்பிட உட்காரும்போது ஜூலி வந்து அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொள்வாள். "வாயில்லாத ஜீவன், என் தட்டையே பாத்துக்கிட்டு நிக்குது. எப்படிம்மா போடாம இருக்கிறது?" என்பார். ஆனாலும் போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார். பேரப்பிள்ளைகள் கையில் பிஸ்கட்டோடு வாசலுக்குப் போனால் அவரே வழிமறித்துப் பிடுங்கிவைத்தார். அந்தக் கிழவியின் கட்டுப்பாடு இல்லையென்றால் எங்களால் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்த வாரங்களில்தான் ரயில் பாதை மேம்பாலத்துக்கு அடியில் அந்தக் குட்டியைப் பார்த்தோம். நாலைந்து மாதம் இருக்கும். முகத்திலும் காலிலும் முடியே இல்லை, தோல் தடித்துக் கருத்திருந்தது. உடம்பெல்லாம் பளபளவென்று கறுப்பாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது. பக்கத்து வொர்க்ஷாப்பில் வேலை செய்த ஒரு பையன் வண்டியிலிருந்து வடித்த பழைய இஞ்சின் ஆயிலை அதன்மேல் ஊற்றியிருந்தான். கொடுமை செய்யவில்லை. ஊரில் அவன் தாத்தா அப்படித்தான் சொறிநாயைக் குணப்படுத்துவார் என்று அவனே என்னிடம் பெருமையாகச் சொன்னான். அவன்தான் அதற்குத் தினம் பன் வாங்கிப் போடுகிறவனும்.

கழிவு எண்ணெய் தோல் வழியாக உடம்புக்குள் போகும். நாய் நக்கும்போது வாய் வழியாகவும் போகும். புண்ணை எரிக்கும், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சொறிப்பூச்சி மூச்சுத்திணறிச் சாகிறது என்று நம்புகிறார்கள். இந்தக் குட்டிக்கு இருந்த பூச்சியோ மயிர்க்கால்களின் ஆழத்தில் வாழ்வது. பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெயைக் கழுவி எடுத்து, துண்டில் சுற்றி டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் மழுங்கிய பிளேடால், தோலை விரலால் பிதுக்கி, ரத்தம் லேசாகக் கசியும் வரை சுரண்டினார். ஸ்லைடில் ஒரு சொட்டு எண்ணெய். மைக்ராஸ்கோப்பில் நீண்ட உடலும், முன்பக்கம் எட்டுக் குட்டைக் கால்களுமாக டெமோடெக்ஸ்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டெமோடெக்ஸ் பிறந்த சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வருகிறது. நல்ல உடம்புள்ள நாய்களிலும் கொஞ்சம் இருக்கும். எதிர்ப்புச் சக்தி சரியில்லாத குட்டியில்தான் பெருகி முடியைக் கொட்டவைக்கும். அது மனிதருக்குத் தொற்றாது. தெருவில் மற்ற நாய்களுக்கும் இப்படித் தொற்றிப் பரவாது. ஆனால் பார்க்க அருவருப்பாக இருப்பதால் கல்லடி படுவது இந்தக் குட்டிகள்தான். பெங்களூரில் 2023-ல் மாநகராட்சி எடுத்த கணக்கெடுப்பில் தெருநாய்கள் ஏறக்குறைய 2.79 லட்சம். அவற்றில் மொட்டையாகத் திரியும் ஒவ்வொன்றையும் "சொறிநாய்" என்று ஒரே பெயரில் விரட்டுகிறோம். எந்தச் சொறி என்று யாரும் பார்ப்பதில்லை.

குட்டிக்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. தெருநாய்களுக்குப் பலரும் உணவில் கலந்து கொடுக்கும் ஐவர்மெக்டின் மலிவானது, மகத்தானது. அதன் கண்டுபிடிப்புக்காக சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கோலி போன்ற சில இன நாய்களுக்கு மரபணுக் குறை ஒன்றினால் அது மூளைக்குள் நுழைந்து உயிரையே எடுக்கும், கலப்பினத்திலும் அந்தக் குறை இருக்கலாம். அளவு தெரியாமல் யாரும் கலந்து வைக்கக் கூடாது. முடி வளர்ந்ததும் மருந்தை நிறுத்திவிடவும் கூடாது. மாத இடைவெளியில் இரண்டு சுரண்டல்களில் பூச்சி இல்லாமல் இருந்த பிறகுதான் டாக்டர் நிறுத்தினார். இந்தப் பலவீனம் பரம்பரையாக வரக்கூடியது என்பதால் வளர்ந்ததும் கருத்தடையும் செய்யச் சொன்னார். இப்போது அது அந்த வொர்க்ஷாப்பின் காவல்நாய். ஆயில் ஊற்றிய அதே பையன்தான் மாத்திரைக்குக் கணக்கு வைத்துக் கொடுத்தவன். தெரிந்தால் மக்கள் செய்கிறார்கள். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஜூலிக்கு ஐந்தாவது வாரம் தாண்டியதும் பாதங்களில் வெள்ளை முடி தெரிந்தது. காது வாடை போனது. எட்டாவது வாரம் முடிந்தபோது ராத்திரிகளில் மணி ஒலிப்பதே நின்றிருந்தது. நாங்கள் கொண்டாடத் தயாரானோம். "இன்னும் முடியல" என்றார் டாக்டர். குணமானது உணவை மாற்றியதாலா, தற்செயலா என்பது பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். ஒவ்வொன்றாக, இரண்டு வார இடைவெளியில். சிக்கன் கொடுத்தோம், ஒன்றுமில்லை. கோதுமை ரஸ்க், ஒன்றுமில்லை. தாத்தா கேட்டைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். சோறு, ஒன்றுமில்லை. பிறகு தயிர். இரண்டாம் நாள் ராத்திரி மணி ஒலித்தது. காலையில் காதுமடல் சிவந்து சூடாக இருந்தது. நிறுத்தினோம், அடங்கியது. சில வாரம் கழித்துக் கொஞ்சம் பால் கொடுத்துப் பார்த்தோம். மறுபடி அதே.

உணவு அலர்ஜி உறுதியான 297 நாய்களின் பதிவுகளை 2016-ல் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வில் மாட்டிறைச்சி 34 சதவீதத்தோடு முதலிடம், பால் பொருட்கள் 17 சதவீதத்தோடு இரண்டாவது, சிக்கன் 15, கோதுமை 13 என்று வந்ததாக டாக்டர் சொன்னார். பால் குடித்து வயிற்றுப்போக்கு வருவது வேறு. அது பாலிலுள்ள சர்க்கரை செரிக்காததால். ஜூலிக்கு ஆகாதது பாலின் புரதம். உறையூற்றித் தயிராக்கினாலும், மோராக்கினாலும் அந்தப் புரதம் போவதில்லை. குளிர்ச்சி என்று நாம் நம்பிக் கொடுத்த ஒவ்வொரு பிடியும் அவள் காதில் போய்க் கொதித்திருக்கிறது. தெள்ளு ஒரு பக்கம், தயிர் ஒரு பக்கம், இரண்டும் கெடுத்த தோலில் ஈஸ்ட். இப்படி மூன்று அடுக்கு. ஊசி அந்த மூன்றையும் சேர்த்து மூடிவைத்திருந்தது.

மாமியாரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். "தெரிஞ்சா போட்டிருப்பேனா?" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் சிக்கன் வேகவைத்த தண்ணீரில் சோறு குழைத்து, ஆறவைத்து, ஜூலியின் தட்டில் பிசைந்துகொண்டிருந்தார். அவர் இருந்தவரை அது அவருடைய வேலையாகவே இருந்தது.

எல்லா நாய்க்கும் தயிர் ஆகாது என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் நாய்க்குக் காரணம் தூசிச் சிற்றுண்ணியாக இருக்கலாம், மகரந்தமாக இருக்கலாம், படர்தாமரையாக இருக்கலாம். எல்லாவற்றையும் விலக்கிய பிறகு மிஞ்சும் சூழல் அலர்ஜிக்கு முழுக் குணம் கிடையாது; ஆனால் ஸ்டீராய்டு அல்லாத நல்ல மருந்துகள் இன்று உண்டு, அந்த நாய்களும் நிம்மதியாக வாழ்கின்றன. நான் கேட்டுக்கொள்வது இதுதான். டாக்டரிடம் போவதற்கு முந்தின நாள் நாயைக் குளிப்பாட்டாதீர்கள், தடயம் போய்விடும். அரிப்பு எந்த மாதம், எந்த இடத்தில் தொடங்கியது என்று எழுதிக்கொண்டு போங்கள், போட்டோ இருந்தால் எடுத்துப் போங்கள். வீட்டில் யார் யார் என்னென்ன போடுகிறார்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஊசியை எடுக்கும் முன், சீப்பால் வாரிப் பார்த்தீர்களா, சுரண்டிப் பார்த்தீர்களா, டேப் ஒட்டிப் பார்த்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். மூன்றும் சேர்ந்து அரைமணி நேரத்துக்குள் முடிகிற வேலை. உங்கள் நாயால் கேட்க முடியாது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.